தோன்றா எழுவாய்: ஒரு ஸ்பானிய வினைச்சொல்லின் வரலாறு

1

ஸ்பானிய மொழி படிக்கப் போனதற்கு என்னிடம் பெரிய காரணம் ஏதுமில்லை. லத்தீன் அமெரிக்க எழுத்துகளை ஆங்கிலம் வழியாக வந்த தமிழில் படித்துவிட்டு, அதன்மேல் விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். "மூலத்துல என்ன இருக்குன்னு தெரியாமலே இவ்வளவு பேசுறீங்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். ரோஷம் வந்து, பழைய புத்தகக் கடையில் ஒரு பாடநூலை வாங்கினேன். வாத்தியார் கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தபோது மண்டையில் ஏற்றிய இலக்கணம்தான் துணை.

பாடநூலின் நடுவில் எங்கோ வந்தது 'தெஸாபரெஸேர்' என்ற வினைச்சொல். 'அபரெஸேர்' என்றால் தோன்றுதல். முன்னால் 'தெஸ்' சேர்ந்தால் தோன்றாமற் போதல், மறைதல், காணாமல் போதல். அன்றாடம் புழங்குகிற சாதாரணச் சொல். மலைக்குப் பின்னால் சூரியன் மறைகிறது, மேசை மேலிருந்த சாவியைக் காணோம், மருந்து சாப்பிட்டதும் வலி போய்விட்டது - மூன்றுக்கும் இந்த ஒரே வினை போதும். இது செயப்படுபொருள் குன்றிய வினை என்றும், நிகழ்காலத் தன்மை ஒருமையில் மட்டும் 'தெஸாபரெஸ்கோ' என்று ஒழுங்கு தவறும் என்றும், அதை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றும் பாடநூல் சொன்னது. செய்தேன்.

சில மாதங்கள் கழித்து, அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சொன்ன சாட்சியங்களின் ஒளிநகல் ஒன்று கைக்கு வந்தது. தெரிந்த சிற்றிதழ் ஒன்றுக்காகச் சில பக்கங்களை மொழிபெயர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்கிறாள்: 'லோ தெஸாபரெஸியேரோன்'. 'லோ' என்றால் 'அவனை'. வினைமுற்று இறந்தகாலம், படர்க்கைப் பன்மை. அப்படியே தமிழில் வைத்தால் 'அவனை மறைந்தார்கள்' என்று வரும். மறைத்தார்கள் அல்ல, மறைந்தார்கள். அச்சுப்பிழையாக இருக்கும், இல்லையென்றால் அந்த அம்மாவுக்கு இலக்கணம் தெரியாது என்று நினைத்தேன். பென்சிலால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறியும் இட்டேன்.

தப்பு என்னுடையது. அந்த வாக்கியம் இலக்கணப் பிழைதான். ஆனால் அந்தப் பிழை இல்லாமல் அவளால் உண்மையைச் சொல்லியிருக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு வினைச்சொல்லின் அரைநூற்றாண்டு வரலாற்றைப் படிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவின் ஆட்சியை முப்படைத் தளபதிகள் பிடித்துக்கொண்டார்கள். தரைப்படையின் விதேலா, கடற்படையின் மஸ்ஸேரா, விமானப்படையின் அகோஸ்தி. ஆள் மாறினாலும் ராணுவ ஆட்சி 1983 டிசம்பர் வரை நீடித்தது. ராணுவம் ஆட்சியைப் பிடிப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல, கொலையும் புதிதல்ல. கொலை செய்த முறைதான் புதிது. மூன்று வருடம் முன்பு, 1973 செப்டம்பரில், பக்கத்து நாடான சிலேயில் பினோசே ஆட்சியைப் பிடித்தபோது சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்ததை உலகமே பார்த்தது. கண்டனம் வந்தது. அர்ஜென்டினாத் தளபதிகள் அதிலிருந்து படித்த பாடம் 'கொல்லாதே' என்பதல்ல, 'காட்டாதே' என்பதே என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் கருதுகிறார்கள்.

எனவே எல்லாம் மறைவில் நடந்தது. ராத்திரியில் சாதாரண உடையில் ஆட்கள் வருவார்கள். வாசலில் எண்பலகை இல்லாத ஃபோர்டு ஃபால்கன் கார் நிற்கும். தலையில் துணிப்பையை மாட்டி, ஆளைக் காரின் தரையில் படுக்கவைத்துக் கொண்டுபோவார்கள். போய்ச் சேருமிடம் எந்த வரைபடத்திலும் சிறை என்று குறிக்கப்படாத ஓரிடம். அப்படிப்பட்ட ரகசியச் சிறைகள் சுமார் 340 இருந்ததாகப் பின்னால் கணக்கெடுத்தார்கள். தலைநகர் புவெனோஸ் ஐரெஸில், வண்டிகள் ஓடும் பெரிய சாலையோரத்தில் இருந்த கடற்படைத் தொழில்நுட்பப் பள்ளி அவற்றுள் ஒன்று. அங்கே மட்டும் சுமார் 5000 பேர் அடைக்கப்பட்டார்கள். மிகச் சிலரே உயிரோடு வெளியே வந்தார்கள்.

வீட்டுக்காரர்கள் போலீஸ் நிலையத்துக்குப் போனால் அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்பார்கள். படைமுகாமிலும் அதே பதில். ஆட்கொணர்வு மனு போட்டால், பேரேட்டில் அந்தப் பெயரே இல்லை என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்யும். ஆளை இல்லையென்று சொல்லிவிட்டால் கொணர்வதற்கு ஆள் ஏது?

இந்த இடத்தில்தான் நம் வினைச்சொல் அரசாங்க வேலைக்குச் சேர்கிறது. 'அவர் மறைந்துவிட்டார்.' செயப்படுபொருள் குன்றிய வினைக்கு எழுவாய் ஒன்று போதும். எழுவாயாக நிற்பவர் யார்? தூக்கிப் போகப்பட்டவரேதான். தனக்குச் செய்யப்பட்டதைத் தானே செய்தவராக அவர் வாக்கியத்தில் வந்து நிற்கிறார். 'சாவி காணாமல் போயிற்று' என்னும் வாக்கியத்தில் திருடனுக்கு இடமில்லை அல்லவா, அதுமாதிரி. எழுவாய் இப்படி மாறிவிட்டால் மற்ற கதையெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்: வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான், தலைமறைவாக இருப்பான், உங்க பொண்ணு எவன்கூடவாவது போயிருப்பா. சிலேயின் ரகசியப் போலீஸ் 1975-இல் இந்தக் கதையைப் பட்டியல் போட்டே அச்சடித்தது. காணாமற்போன 119 பேர் வெளிநாட்டில் தங்களுக்குள் சண்டையிட்டும் மோதல்களிலும் செத்தார்கள் என்று, அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அதற்கென்றே முளைத்த இரண்டு பத்திரிகைகளில் செய்தி வரவைத்து, அதைச் சிலே நாளேடுகள் மறுபதிப்புச் செய்தன.

முகாமுக்கு உள்ளே வேறு வினைகள் புழங்கின. 'சுப்பார்' என்றால் உறிஞ்சுதல். குழந்தை பால் உறிஞ்சுவதற்கும் அதே சொல்தான். ஆளைத் தூக்குவதற்கு அங்கே அதைச் சொன்னார்கள். ரகசியச் சிறைக்கு 'உறிஞ்சுமிடம்' என்று பேர். 'த்ரஸ்லதார்' என்றால் இடமாற்றுதல். நம்மூர் அலுவலகத்தில் 'டிரான்ஸ்ஃபர்' என்போமே, அந்தச் சொல். உன்னை வேறிடத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி, மயக்க ஊசி போட்டு, விமானத்தில் ஏற்றி, லா பிளாத்தா ஆற்றின் முகத்துவாரத்திலும் கடலிலும் உயிரோடு தள்ளினார்கள். அடிமட்டக் காவலாளி முதல் தளபதி வரை எல்லோரும் எளிய, வீட்டுப் புழக்கமான வினைகளைத்தான் பேசினார்கள். அதிகாரத்தின் சொல்லாடல் என்றதும் நாம் மேடைப் பேச்சையும் கொள்கை அறிக்கையையும் தேடிப் போகிறோம். அது பள்ளிக்கூடப் பாடநூலில் இருக்கும் வினைச்சொற்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

3

1979 டிசம்பரில் விதேலா பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் நேரில் வந்து ஆயிரக்கணக்கான புகார்களை வாங்கிப் போயிருந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி ஒரு நிருபர் கேட்டுவிட்டார். விதேலா சொன்ன பதிலின் சாரம் இது: அந்த ஆள் திரும்பி வந்தால் ஒரு விதமாக நடத்தலாம், இறந்தது உறுதியானால் வேறு விதமாக நடத்தலாம், மறைந்த நிலையில் இருக்கும்வரை எதுவும் செய்வதற்கில்லை, அவர் செத்தவரும் இல்லை, உயிரோடிருப்பவரும் இல்லை, மறைந்தவர், அவருக்கு இருப்பு என்பதே கிடையாது. சொல்லும்போது கைகளைக் காற்றில் அசைக்கிறார். படச்சுருள் இன்றும் இருக்கிறது.

ஸ்பானிய மொழி படிப்பவரைப் பாடாய்ப் படுத்தும் விஷயம், 'இரு' என்பதற்கு அதில் இரண்டு வினைகள் உண்டு என்பது. 'ஸேர்' என்பது ஒன்றின் இயல்பைச் சொல்வதற்கு, 'எஸ்தார்' என்பது நிலையையும் இடத்தையும் சொல்வதற்கு. நான் ஆசிரியன் என்றால் 'ஸேர்', நான் களைத்திருக்கிறேன் அல்லது கடையில் இருக்கிறேன் என்றால் 'எஸ்தார்'. ஆரம்பத்தில் படிப்பவர்களுக்கு ஆச்சரியம் தரும் ஒரு விதி இங்கே உண்டு. செத்துப்போனவருக்கும் 'எஸ்தார்'தான் வரும். மரணம் அந்த மொழியில் ஒரு நிலை. விதேலா செத்த, உயிரோடுள்ள, மறைந்த என்ற மூன்றையும் இந்த ஒரே வினைக்குக் கீழே வரிசையாக அடுக்கினார். சாவுக்கும் வாழ்வுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மனித நிலையை இலக்கணப் பிசகு ஏதுமில்லாமல் உண்டாக்கிவிட்டார்.

அவர் சொன்னதில் 'நோ எஸ்தா' என்ற தொடரும் இருந்தது. கதவைத் தட்டி ஆளைக் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்து வரும் பதில் அது. 'இல்லீங்க, வெளிய போயிருக்காரு' என்பதற்குச் சமம். ஒரு நாட்டின் தலைவர், ஆயிரக்கணக்கான வீடுகளின் கேள்விக்கு, வாசற்படியில் நிற்கிற வேலைக்காரனின் பதிலைச் சொன்னார். தமிழில் இதை மொழிபெயர்ப்பது இன்னும் சங்கடம். நம்மிடம் 'இல்லை' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. 'அவர் இல்லை' என்றால் வீட்டில் இல்லை என்றும் ஆகும், உலகத்தில் இல்லை என்றும் ஆகும்.

4

பதில் சொல்ல வந்தவர்கள் இலக்கணக்காரர்கள் அல்லர், தாய்மார்கள். 1977 ஏப்ரல் 30, சனிக்கிழமை, பதினான்கு பெண்கள் அரசு மாளிகைக்கு எதிரேயுள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டிச் சேர்த்தவர் அஸுசேனா வில்லாஃப்ளோர். ஒவ்வொரு அலுவலகத்திலும் தனித்தனியே காத்திருந்து பயனில்லை, சேர்ந்து போய் நிற்போம் என்றார். நாட்டில் அவசரநிலை, கூட்டமாக நிற்கத் தடை. போலீஸ்காரர்கள் வந்து கலைந்து நடக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன வினை 'ஸிர்குலார்'. அதற்கு நகர்ந்து போ என்றும் பொருள், சுற்றி வா என்றும் பொருள். பெண்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, சதுக்கத்தின் நடுவிலிருந்த கூம்பு நினைவுச்சின்னத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பின்னால் வியாழக்கிழமைதோறும் என்று ஆயிற்று. அந்த நடை இன்றும் நிற்கவில்லை.

அவர்களுடைய முழக்கம் 'அபரிஸியோன் கோன் வீதா' - உயிரோடு தோன்றச் செய். பாடநூலில் நான் படித்த 'அபரெஸேர்' என்ற மூல வினையின் பெயர்ச்சொல்தான் அது. அரசு 'தெஸ்' என்று முன்னொட்டைச் சேர்த்தது. தாய்மார்கள் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். உயிரோடு எடுத்துப் போனீர்கள், உயிரோடு கொடுங்கள். பலர் செத்திருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் செத்துவிட்டான் என்பதைக் கொன்றவன் முதலில் சொல்லட்டும், எப்போது, எங்கே, யார் கையால் என்றும் சொல்லட்டும் என்பதே அந்தக் கோரிக்கை.

இந்தச் சூழலில்தான் செயப்படுபொருள் குன்றிய வினை செயப்படுபொருளை ஏற்கத் தொடங்கியது. 'மகனை மறைந்தார்கள்.' இது ஒருவர் கண்டுபிடித்த பிரயோகம் அல்ல. அர்ஜென்டினாவில் மட்டுமல்ல, 1960களிலிருந்தே ராணுவம் ஆட்களைக் காணாமலாக்கிக்கொண்டிருந்த குவாத்தமாலாவிலும், மெக்சிகோவிலும் ஜனங்கள் வாயில் இது புழங்கியது. ஆங்கிலத்தில் ஜோசப் ஹெல்லர் 1961-இல் எழுதிய 'கேட்ச்-22' நாவலிலும் இதே வினை இதே மாதிரி வருகிறது. அதைக் கேட்ட பாத்திரம் இது இலக்கணமே இல்லையே என்று குழம்புகிறது. என்னைப் போலவே.

'மறைந்தார்கள்' என்று சொல்லும்போது எழுவாய் எங்கே? ஸ்பானிய மொழியிலும் தமிழைப் போல எழுவாயை வெளிப்படச் சொல்ல வேண்டியதில்லை. வினையின் விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். நம் இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். வகுப்பில் இதைப் படித்தபோது வெறும் கலைச்சொல்லாகத்தான் பட்டது. அந்தத் தாயின் வாக்கியத்தில் உண்மையில் தோன்றாமல் இருப்பது மகன் அல்லன், அவனைத் தூக்கியவர்கள். மகன் 'அவனை' என்று இரண்டாம் வேற்றுமையில் நன்றாகத் தெரிகிறான். பெயர், வயது, புகைப்படம் எல்லாம் அவனுக்கு உண்டு; தாய் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். பெயரும் முகமும் இல்லாமல் விகுதிக்குள் ஒளிந்திருப்பவர்கள் மற்றவர்கள். அரசின் வாக்கியத்தில் இவர்களுக்கு விகுதிகூடக் கிடையாது. பிழையான வாக்கியம்தான் அவர்களை முதன்முதலாக இலக்கணத்துக்குள் இழுத்து வந்தது.

5

தெரிநிலை வினை ஆறு பொருளைக் காட்ட வேண்டும் என்கிறது நன்னூல். செய்தவன், எதைக்கொண்டு செய்தான், எங்கே, என்ன செயல், எப்போது, எதை. ராணுவம் போனபின் 1983 டிசம்பரில் அமைக்கப்பட்ட, நாவலாசிரியர் எர்னெஸ்தோ ஸபாத்தோ தலைமை தாங்கிய விசாரணை ஆணையம் தேடியதும் ஏறத்தாழ இந்த ஆறைத்தான். 1984 செப்டம்பரில் 'நூங்கா மாஸ்' (இனி ஒருபோதும் வேண்டாம்) என்ற அறிக்கை வந்தது. 8960 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. அது முழுக் கணக்கு அல்ல என்று அறிக்கையே சொன்னது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. இன்று வலதுசாரிகள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். ஹாவியர் மிலேய் 2023 தேர்தல் விவாத மேடையிலேயே 30,000 இல்லை என்று மறுத்தார். பட்டியலை ஒளித்தவர்களின் பக்கம் நின்றுகொண்டு எண்ணிக்கை துல்லியமாக இல்லை என்று சொல்வது விசித்திரமான நியாயம்.

ஆறில் 'எப்போது' என்ற காலம்தான் பெரிய சண்டைக்கு இடமானது. 1979 செப்டம்பரில் ராணுவ ஆட்சி 22.068 எண்ணுள்ள சட்டத்தைப் போட்டது. குறிப்பிட்ட வருடங்களுக்குள் காணாமற்போனவரை இறந்தவராகக் கருதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தார் கேட்காவிட்டாலும் அரசே அதற்கு மனுச் செய்யலாம். சொத்து மாற்றலாம், மறுமணம் செய்யலாம், வசதிதான். தாய்மார்கள் மறுத்தார்கள். இறந்தார் என்று இறந்தகால முற்றால் வாக்கியத்தை முடித்துவிட்டால், கொன்றது யார் என்ற கேள்வியும் அத்தோடு முடிந்துபோகும். வேறு வழி 1994-இல்தான் பிறந்தது. 24.321 எண்ணுள்ள சட்டம், வலிந்து காணாமலாக்கப்பட்டதால் இல்லாதவர் என்ற புதிய சட்ட நிலையை உண்டாக்கியது. இறந்தவர் என்று கையெழுத்துப் போடாமலேயே குடும்பம் தன் காரியங்களைப் பார்க்கலாம்.

எலும்புகள் விஷயத்தில் தாய்மார்களுக்குள்ளேயே பிளவு வந்தது. 1984-இல் தடயவியல் மானிடவியல் குழு ஒன்று உருவாகி, பெயரற்ற புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கியது. பெட்டியில் எலும்பை வைத்துக் கொடுத்து எங்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று ஹெபே தெ பொனாஃபினியும் அவரோடு இருந்தவர்களும் எதிர்த்தார்கள். வேறு சிலருக்குப் பிள்ளையை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இயக்கம் 1986-இல் இரண்டானதற்கு இதுவும் ஒரு காரணம். இதில் யார் சரி என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அஸுசேனா வில்லாஃப்ளோரையே 1977 டிசம்பர் 10 அன்று தூக்கிப் போனார்கள். கடலில் தள்ளப்பட்ட அவருடைய உடல் சில நாளில் கரை ஒதுங்கியது. பெயர் தெரியாதவர் என்று ஒரு சிற்றூர்க் கல்லறையில் புதைத்தார்கள். அந்தக் குழுவினர்தான் 2005-இல் எலும்பை வைத்து அவரை அடையாளம் கண்டார்கள். சாம்பலை மே சதுக்கத்தில் அவர் சுற்றி நடந்த நினைவுச்சின்னத்தின் அடியிலேயே புதைத்தார்கள். எலும்பு கிடைத்ததால் வழக்கு மூடப்படவில்லை. அதுவே கொலைக்குச் சாட்சியாயிற்று.

உயிரோடு தோன்றியவர்களும் உண்டு. சிறையில் பிறந்து, பலசமயம் ராணுவக்காரர்களின் வீடுகளிலேயே வேறு பெயரில் வளர்ந்த குழந்தைகள். பாட்டிமார்களின் அமைப்பு 1977 முதல் தேடி, இதுவரை 130-க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்திருக்கிறது. இன்று அவர்களுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

சிலேயில் காலம் வேறு விதமாகச் சிக்கலானது. 1973 முதல் 1978 வரையிலான குற்றங்களுக்குப் பினோசே 1978-இல் பொது மன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டார். இருபது வருடம் கழித்து, நீதிபதி ஹுவான் குஸ்மான் விசாரித்த வழக்கில் ஒரு வாதம் வென்றது: ஆளைப் பிடித்தது நிரூபணமாகியிருக்கிறது, உடல் கிடைக்கவில்லை; ஆகவே கடத்தல் இன்னும் முடியவில்லை; முடியாத குற்றத்தை 1978-இல் எப்படி மன்னிக்க முடியும்? 1999-இல் உச்சநீதிமன்றமும் இதை ஏற்றது. செத்தவன் என்று சொல்ல மறுத்த தாய்மார்களின் பிடிவாதம் சட்ட மொழியில் தொடர்குற்றம் ஆயிற்று. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 2010 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையிலும் அது இடம்பெற்றது. (இந்தியா 2007 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. அதை உறுதிசெய்து சட்டமாக்கவில்லை.)

தன்மையில் அந்த வினையைச் சொல்ல ஒருவர் 1995-இல் வந்தார். அதோல்ஃபோ ஸிலிங்கோ என்ற கடற்படை அதிகாரி, தான் இரண்டு விமானப் பயணங்களில் ஆட்களைக் கடலில் தள்ளியதாகப் பத்திரிகையாளர் ஒராஸியோ வெர்பித்ஸ்கியிடம் ஒப்புக்கொண்டார். அதிகாரி ஒருவர் 'நான் செய்தேன்' என்று வெளிப்படையாகச் சொன்னது நாட்டையே உலுக்கியது. 1985-இல் ஆயுள் தண்டனை பெற்ற விதேலாவை 1990-இல் ஜனாதிபதி மெனெம் மன்னித்து வெளியே விட்டிருந்தார். கீழ்நிலை அதிகாரிகளைக் காத்த இரண்டு சட்டங்களை நாடாளுமன்றம் 2003-இல் ரத்துச் செய்தது. அவை செல்லாதவை என்று உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. வழக்குகள் மறுபடி நடந்தன. விதேலா 2013 மே மாதம் சிறையிலேயே செத்தார். அவர் எங்கே இருந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

6

மொழிபெயர்ப்புக்குத் திரும்புகிறேன். அந்தச் சாட்சியத்தை முதலில் நான் 'மறைந்தவர்கள்' என்றே தமிழாக்கியிருந்தேன். ஓசை நன்றாக இருந்தது, இலக்கிய மணமும் இருந்தது. கையெழுத்துப்படியைப் படித்துப் பார்க்கச் சொல்லி, வன்னியிலிருந்து வந்து இங்கே வாழும் அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். போரின் கடைசி நாளில், 2009 மே மாதம், வட்டுவாகலில் அவருடைய அண்ணன் ராணுவத்திடம் சரணடைந்தார். இரண்டு பக்கம் படித்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, மறைஞ்சவை எண்டு எழுதாதேங்கோ. மறைஞ்சவை எண்டால் செத்தவை. அண்ணா மறையேல்லை. பஸ்ஸில ஏத்தினவங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. தமிழில் 'மறைந்தார்' என்பது அஞ்சலிக் குறிப்புச் சொல் என்பதும், 'மறைந்த கவிஞர்' என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன் என்பதும் எப்படித் தோன்றாமல் போயிற்று? விதேலாவின் 1979-ஆம் வருடச் சட்டம் செய்ய நினைத்ததை, ஸ்பானிய மொழி பேசும் தாய்மார்கள் அனுமதிக்காததை, நான் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லால் செய்து முடித்திருந்தேன்.

இலங்கையிலும் தாய்மார்கள் வினைச்சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1984-இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டமாகப் பிடிபட்டபோது அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தது. 1990-இல் தெற்கில் சிங்களத் தாய்மார்களும் அதே பெயரில் திரண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒடுக்கிய அரசு தூக்கியிருந்தது. நீண்ட காலம் பத்திரிகைகள் எழுதியது 'காணாமல் போனோர்' என்றுதான். போனோர் என்றால் தாங்களாகப் போனவர்கள். குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்லி, எழுதி, தட்டியில் தூக்கிப் பிடித்து, அந்தச் சொல்லை நிலைநாட்டினார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டப் பந்தல்களில் இருந்ததும் அந்தச் சொல்தான். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். 2016-இல் சட்டம் போட்டு அரசு ஏற்படுத்திய அலுவலகத்தின் தமிழ்ப் பெயரோ 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. போ, ஆக்கு - இரண்டு துணைவினைகள். நடுவில் ஒரு அரசாங்கம் நிற்கிறது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச, அவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப்பின் மரணச் சான்றிதழ் கொடுக்கப்படும் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். ஸ்பானிய மொழியில் படித்துவிட்டு வந்தவனுக்கு இது பழைய பாடம்.

'ஆக்கப்பட்டோர்' என்பதும் முழுமையான சொல் அல்ல என்றே எனக்குப் படுகிறது. அது செயப்பாட்டுவினை. 'யாரால்' என்ற மூன்றாம் வேற்றுமை வர வேண்டிய இடம் அங்கே காலியாக இருக்கிறது. 'போனோர்' என்ற சொல்லில் அப்படியொரு இடமே கிடையாது. இதில் இடமாவது இருக்கிறது என்பதே வித்தியாசம். அர்ஜென்டினாவில் அந்த இடத்தை நிரப்ப முப்பது வருடமும் நூற்றுக்கணக்கான தண்டனைகளும் தேவைப்பட்டன. அங்கும் இன்னும் முழுக்க நிரம்பவில்லை.

கடைசியாக நான் எழுதிக் கொடுத்த தமிழ் வாக்கியம் 'அவனைக் காணாமல் ஆக்கினார்கள்'. ஸ்பானிய வாக்கியத்தின் முரட்டுத்தனம் இதில் இல்லை. தமிழில் பிறவினைக்குப் பஞ்சமில்லாததால் பிழை செய்ய வேண்டிய அவசியம் நமக்கு நேரவில்லை. ஒரு மாதம் கழித்து மெய்ப்பு வந்தது. யாரோ நல்லெண்ணத்தோடு திருத்தியிருந்தார்கள்: 'அவன் காணாமல் போனான்.' கை பழகிய வாக்கியம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என் கையும் அப்படிப் பழகியதுதானே. பென்சிலை எடுத்துப் 'போனான்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். ஓரத்தில் பழைய வாக்கியத்தையே மறுபடி எழுதி அனுப்பினேன்.